பளபளக்கும் தரையும் பாய் விரிக்கும் மாணவர்களும்

இந்த முறை டைல்ஸ் பற்றி எழுதுகிறேன். வன்கொடுமை வழக்கு, உதவித்தொகை நிலுவை, விடுதிச் சோறு என்று எழுதிக்கொண்டிருந்தவள் எதற்குக் கட்டடச் சாமான் பக்கம் போனாள் என்று கேட்பீர்கள். காரணம் இருக்கிறது.

பாளையங்கோட்டையில் ஒரு தோழரின் அப்பா, அரசுப் பேருந்தில் நடத்துநராக இருந்து ஓய்வு பெற்றவர், பணிக்கொடையையும் வங்கிக் கடனையும் சேர்த்து வீட்டுக்கு மேலே ஒரு தளம் எடுத்திருக்கிறார். இரண்டு அறை, ஒரு குளியலறை. "காலேஜ் பிள்ளைகளுக்குத்தான் விடணும். என்ன தரை போடலாம்னு சொல்லும்மா" என்று கேட்டார். டைல்ஸ் கடையில் முகம் தெரிகிற அளவுக்குப் பளபளக்கும் வெள்ளை டைல்ஸைக் காட்டி, இதைப் போட்டால் வாடகையை ஏற்றிக் கேட்கலாம் என்று சொல்லியிருக்கிறார்கள்.

ஒரு வரியில் பதில் சொல்லி முடித்திருக்கலாம். ஆனால் இதே கேள்வி இன்று நம் மக்கள் பலருக்கு இருக்கிறது. போக்குவரத்துக் கழகம், மின்வாரியம், ஆசிரியர் பணி என்று முதல் தலைமுறையாக மாதச் சம்பளம் பார்த்தவர்கள், கல்லூரி இருக்கும் ஊர்களில் மேல்தளம் கட்டி வாடகைக்கு விடுகிறார்கள். இன்னொரு பக்கம், விடுதியில் இடம் கிடைக்காத, அல்லது கிடைத்தும் அங்கே தங்கிப் படிக்க முடியாத நம் பிள்ளைகள் நாலு பேராகச் சேர்ந்து அறை தேடுகிறார்கள். நீங்கள் இதில் ஏதோ ஒரு பக்கம் இருப்பீர்கள், அல்லது சீக்கிரம் இருக்கப் போகிறீர்கள்.

தரையைத் தேர்ந்தெடுப்பது அழகு பற்றிய முடிவு என்று கடையில் சொல்வார்கள். நான் சொல்வது இது: மாணவர் அறையில் யார் இருக்கலாம், யார் பயந்துகொண்டே இருக்க வேண்டும், யார் காசை இழந்து வெளியே போக வேண்டும் என்பதில் பாதியைத் தரைதான் முடிவு செய்கிறது.

தரைக்கு ஒரு வரலாறு உண்டு

அண்ணல் அம்பேத்கர் 'விசாவுக்காகக் காத்திருத்தல்' என்ற நினைவுக் குறிப்பில் தன் பள்ளிக்கூடத்துத் தரையைப் பற்றி எழுதியிருக்கிறார். மற்ற மாணவர்களோடு சேர்ந்து உட்கார அவருக்கு அனுமதி இல்லை. ஒரு மூலையில், தனக்கென்று வைத்திருந்த சாக்குத் துணியை விரித்து உட்கார வேண்டும். பள்ளியைச் சுத்தம் செய்யும் ஊழியர்கூட அந்தச் சாக்கைத் தொட மாட்டார். அதனால் மாலையில் அதைச் சுருட்டி வீட்டுக்கு எடுத்துப் போய், மறுநாள் திரும்பக் கொண்டுவர வேண்டும். பள்ளித் தரையில் அவருக்கென்று இருந்தது ஒரு சாக்கு அகலம்.

அதே குறிப்பில் வாடகை அறைக் கதையும் வருகிறது. 1917-ல் கொலம்பியா பல்கலைக்கழகப் படிப்பு முடித்துப் பரோடாவுக்கு வேலைக்கு வந்தவருக்குத் தங்க இடம் இல்லை. பார்சி சத்திரம் ஒன்றில் பார்சிப் பெயரில் தங்கினார். சில நாட்களில் தடிகளோடு வந்து வெளியேறச் சொன்னார்கள்.

பழைய கதை என்று தள்ள முடியாது. 2020-ல் கடலூர் மாவட்டம் தெற்குதிட்டையில், தேர்ந்தெடுக்கப்பட்ட தலித் பெண் ஊராட்சித் தலைவர் தரையில் உட்கார்ந்திருக்க, மற்றவர்கள் நாற்காலியில் இருந்த படத்தை நாம் எல்லோரும் பார்த்தோம். கொட்டகையில் தரை டிக்கெட் ஒழிந்து எவ்வளவோ காலமாகிறது. 'தரை டிக்கெட்' என்ற வசவு மட்டும் இன்னும் ஒழியவில்லை.

ஆக, யார் எந்தத் தரையில் உட்காரலாம் என்பது இங்கே எப்போதும் சாதி தீர்மானித்த விஷயம். வாடகை அறை மட்டும் விதிவிலக்காக இருக்குமா?

வெள்ளைத் தரை போடும் நிபந்தனைகள்

நாலு மாணவர்கள் இருக்கும் பத்துக்குப் பன்னிரண்டு அறையை யோசித்துப் பாருங்கள். நாலு கட்டில் போட இடம் இருக்காது. பாய்தான். அந்தத் தரையில்தான் படுக்கிறார்கள், படிக்கிறார்கள், செய்தித்தாள் விரித்துச் சாப்பிடுகிறார்கள். மூலையில் ஒரு மின் அடுப்பு. தேர்வு நேரத்தில் இன்னும் இரண்டு நண்பர்கள் வந்து படுப்பார்கள். குடும்பம் இருக்கும் வீட்டில் தரை நடக்க மட்டும். மாணவர் அறையில் அதுவே கட்டில், மேசை, சாப்பாட்டு இடம் எல்லாம்.

அந்த இடத்தில் பளபளக்கும் வெள்ளைத் தரையைப் போட்டால் என்ன ஆகும்? தலைமுடி ஒன்று கிடந்தாலும் தெரியும். தண்ணீர் சிந்தினால் வழுக்கும். குழம்பு சிந்தினால், டைல்ஸ் கறையைக் குடிக்காவிட்டாலும் இடையில் உள்ள வெள்ளைச் சிமெண்ட் கோடு குடித்துவிடும். மஞ்சள் அதில் ஏறினால் லேசில் போகாது. சாதாரணமாகச் சாப்பிட்டு, தூங்கி, படித்து வாழ்வதே அந்தத் தரையில் குற்றத்தின் தடயம் ஆகிவிடுகிறது.

அப்புறம் நிபந்தனைகள் வரும். அசைவம் கூடாது. எண்ணெய் வைத்துச் சமைக்கக் கூடாது. வெளியாள் வரக் கூடாது. கேட்டால் "டைல்ஸ் கெட்டுப் போயிரும் தம்பி" என்பார்கள். கருவாட்டுக் குழம்பு சிந்திய டைல்ஸும் சாம்பார் சிந்திய டைல்ஸும் ஒரே மாதிரிதான் துடைபடும் என்பது அவர்களுக்குத் தெரியாதா? தெரியும். "எந்த ஊரு, ஊருக்குள்ளயா, அப்பா என்ன பண்றாரு, நீங்க என்ன ஆளுங்க" என்று நேராகக் கேட்டவர்கள் இப்போது நாகரிகம் கற்றுக்கொண்டு தரையை முன்னால் நிறுத்துகிறார்கள்.

சுகதேவ் தோரட்டும் அவருடைய குழுவினரும் டெல்லியிலும் சுற்றியுள்ள நகரங்களிலும், வாடகை வீடு தேடுபவர்களைப் போலத் தொலைபேசியிலும் நேரிலும் வீட்டு உரிமையாளர்களை அணுகி ஆய்வு செய்து 2015-ல் வெளியிட்டார்கள். உயர்சாதிப் பெயருக்குக் கிடைத்த வரவேற்பு தலித் பெயருக்கும் முஸ்லிம் பெயருக்கும் கிடைக்கவில்லை. சமூகவியல் வகுப்பில் இதைப் படித்தபோது எனக்கு ஆச்சரியமாக இல்லை. நம் ஊரில் இதை அறிய ஆய்வு தேவையில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை அறை தேடிப் போனால் போதும்.

நம் ஊரில் 'சுத்தம்' என்ற சொல்லுக்கு இரண்டு வேலை. ஒன்று, அழுக்கைத் துடைப்பது. இன்னொன்று, ஆளைத் தள்ளி வைப்பது. வெள்ளைத் தரை இரண்டாவது வேலைக்கு ரொம்ப வசதி. முதல் வேலைக்கு அது பெரிதாக உதவாது. நடுத்தர நிறமுள்ள தரையைத் தினமும் கூட்டித் துடைத்தால் வெள்ளைத் தரைக்கு இணையாகச் சுத்தமாகவே இருக்கும். சிறு கறைக்கு யாரும் நடுங்க வேண்டியிருக்காது, அவ்வளவுதான்.

சரி, என்ன தரைதான் போடுவது?

ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

பளபளப்பான விட்ரிஃபைடு டைல்ஸ். உறுதியானது, தண்ணீரை உறிஞ்சாது. ஆனால் ஈரத்தில் வழுக்கும், கீறல் எடுத்துக் காட்டும். மாணவர் அறைக்கு வேண்டாம்.

அதே விட்ரிஃபைடு, மேட் பூச்சில், சாம்பல் அல்லது மண் நிறத்தில். என் முதல் தேர்வு இதுதான். நாலுக்கு ரெண்டு அளவு வேண்டாம். ரெண்டுக்கு ரெண்டு போதும். ஒன்று உடைந்தால் சின்னதாக ஒன்றை மட்டும் எடுத்து மாற்றலாம். இடைக்கோட்டுக்கு வெள்ளைச் சிமெண்ட் வேண்டாம், டைல்ஸ் நிறத்திலேயே கலவை கிடைக்கிறது. ரொம்பச் சொரசொரப்பானதையும் எடுக்காதீர்கள். அழுக்கு பிடித்துக்கொள்ளும், துடைப்பவருக்குத்தான் கஷ்டம்.

ரெட் ஆக்சைடு, அதாவது காவி கலந்த சிமெண்ட் தரை. கோடையில் பாய் விரித்துப் படுக்க இதைப் போலச் சுகம் இல்லை. இடைக்கோடு இல்லை, கறை தெரியாது, கால் பட்டுப் பட்டு மெருகேறும். பொருள் செலவு குறைவு. ஆனால் கை தெரிந்த கொத்தனார் வேண்டும். போட்ட பிறகு ஒரு வாரமாவது தண்ணீர் கட்டி வைக்கும் பொறுமை வேண்டும். வெடிப்பு விட்டால் அதே நிறத்தில் ஒட்டுப் போடுவது கடினம். கீழ்த்தளத்தில் ஈரம் ஏறி உப்பு பூக்கலாம், மேல்தளத்தில் அந்தப் பிரச்சினை குறைவு. மட்டமான டைல்ஸை மட்டமாகப் போடுவதைவிட நல்ல ஆக்சைடு தரை எவ்வளவோ மேல்.

கடப்பா கல். கறுப்பு நிறம், அழுக்கு காட்டாது, குளிர்ச்சி. ஆனால் அது சுண்ணாம்புக் கல் வகை. புளி, எலுமிச்சை, ஆசிட் பட்டால் மெருகு போய் வெளுத்துத் திட்டுத் திட்டாகும். அலமாரிக்கு நல்லது, சமைக்கும் அறையின் தரைக்கு யோசிக்க வேண்டும்.

மொசைக். பழைய வீட்டில் ஏற்கனவே இருந்தால் உடைக்காதீர்கள், அதன் மேல் டைல்ஸும் ஒட்டாதீர்கள். மெஷின் வைத்துத் தேய்த்து மெருகேற்றினால் இன்னும் பல வருடம் உழைக்கும்.

ஆத்தங்குடி கல். கண்ணாடித் தகட்டின் மேல் கையால் வார்த்துச் செய்யும் அருமையான வேலை. ஆனால் எண்ணெய் உறிஞ்சும், தொடர்ந்து பராமரிக்க வேண்டும். அடிக்கடி ஆள் மாறும் மாணவர் அறைக்கு ஒத்து வராது.

ஒட்டும் வினைல் ஷீட், மரம் போன்ற லேமினேட். இந்த இரண்டும் வேண்டவே வேண்டாம். தண்ணீர் ஊற்றிக் கழுவும் பழக்கம் உள்ள ஊர் நம்முடையது. லேமினேட் நனைந்தால் உப்பும். ஷீட்டுக்கு அடியில் ஈரம் தங்கி நாற்றம் அடிக்கும். சூடான பாத்திரம் வைத்தால் உருகிக் கறுக்கும். பெரும்பாலும் கெட்ட தரையை மறைக்கத்தான் ஷீட் ஒட்டுகிறார்கள்.

குளியலறைக்கு ஒன்றுக்கு ஒன்று அளவில், வழுக்காத டைல்ஸ். கடையிலேயே ஒரு டைல்ஸில் தண்ணீர் ஊற்றி, ஈரக் காலால் தேய்த்துப் பாருங்கள். பெட்டியில் எழுதியிருப்பதைவிட உங்கள் பாதம் சரியாகச் சொல்லும். தண்ணீர் ஜாலியை நோக்கி ஓட வாட்டம் சரியாக இருக்கிறதா என்று டைல்ஸ் ஒட்டுவதற்கு முன்பே பார்க்க வேண்டும். வாட்டம் தவறினால் தினமும் தேங்கும் தண்ணீரை யாரோ ஒருவர் தள்ளிக்கொண்டே இருக்க வேண்டியதுதான்.

இன்னொரு கணக்கு. பத்துக்குப் பன்னிரண்டு அறை 120 சதுர அடி. ரெண்டுக்கு ரெண்டு டைல்ஸ் உண்மையில் 60 சென்டிமீட்டர்தான் இருக்கும், எனவே சுமார் 31 வேண்டும். வெட்டுச் சேதாரத்துக்குப் பத்து சதவீதம் சேர்த்தால் 34. பெட்டிக்கு 4 என்றால் 9 பெட்டி. பத்தாவதாக ஒரு பெட்டி வாங்கிப் பரணில் போட்டு வையுங்கள். அடுத்த வருடம் அதே நிறம் கடையில் கிடைக்காது. பரணில் நாலு டைல்ஸ் இருந்தால், ஒன்று உடைந்ததற்காக ஒரு மாணவரிடம் "முழுத் தரையையும் மாத்தணும்" என்று சண்டை போட வேண்டி வராது.

"நாங்கள் பளபளப்பாக வாழக் கூடாதா?"

இதைச் சொன்னபோது தோழர் ஒருவருக்குக் கோபம் வந்தது. "சாணி மெழுகின தரையில பொறந்தோம். இப்பதான் டைல்ஸ் போடறோம். அதுலயும் மங்கலா போடுன்னு சொல்றியா?" என்று கேட்டார். நியாயமான கோபம். சேரியில் ஒருவர் மாடி எடுத்தால் ஊருக்குள் சிலருக்கு இன்றும் வயிறு எரிகிறது என்பது நமக்குத் தெரியும். கலவரம் வரும்போது முதலில் அடிபடுவதும் அந்த நல்ல வீடுதான். உங்கள் சொந்த வீட்டில் கிரானைட் போடுங்கள், பளிங்கு போடுங்கள், முகம் பார்க்கிற மாதிரி போடுங்கள். அதைக் கேட்க எவனுக்கும் உரிமை இல்லை.

நான் பேசுவது வாடகைக்கு விடும் அறையைப் பற்றி. அங்கே நாம் உரிமையாளர். அந்த இடத்துக்கு வந்ததும் நாம் என்ன செய்கிறோம் என்பதுதான் கேள்வி. சாதி ஏணியில் ஒவ்வொரு படியிலும் இருப்பவனுக்குக் கீழே மிதிக்க ஒருவனைக் கொடுத்திருக்கிறார்கள் என்று அம்பேத்கர் திரும்பத் திரும்ப விளக்கினார். நம் வீட்டு மாடிக்கும் அது பொருந்தும். அருந்ததியர் மாணவருக்கு, புதிரை வண்ணார் மாணவருக்கு, இஸ்லாமிய மாணவருக்கு, திருநங்கைக்கு "ரூம் முடிஞ்சிருச்சு" என்று சொல்லும் நம் ஆட்கள் இருக்கிறார்கள். நம்மிடம் யாரோ சொன்ன அதே காரணத்தை, அதே குரலில் சொல்கிறார்கள். புதுத் தரை வந்ததும் பழைய புத்தியும் சேர்ந்து வந்தால், அந்தக் கடனை அடைத்து நாம் வாங்கியது என்ன?

தரையை உண்டாக்கும் கைகள்

தரை வானத்திலிருந்து விழுவதில்லை. இந்தியாவின் டைல்ஸ் பெருமளவு குஜராத்தின் மோர்பியிலிருந்து வருகிறது. பீங்கான் ஆலைகளின் மண் தூளைச் சுவாசித்துத் தொழிலாளிகளுக்கு வரும் சிலிக்கோசிஸ், குணப்படுத்த முடியாத நுரையீரல் நோய். அதே தூள், உங்கள் வீட்டில் கட்டர் வைத்து டைல்ஸ் அறுக்கும்போதும் பறக்கிறது. அறுப்பவருக்கும், பக்கத்தில் கலவை எடுத்துக் கொடுக்கும் சித்தாள் அக்காவுக்கும் அது மூக்கில் போகிறது. தண்ணீர் விட்டு அறுக்கச் சொல்லுங்கள், திறந்த வெளியில் அறுக்கச் சொல்லுங்கள், நல்ல முகக்கவசம் வாங்கிக் கொடுங்கள். ஒரு பெட்டி டைல்ஸ் விலைகூட ஆகாது.

மாணவர்கள் காலி செய்த பிறகு அறையைக் கழுவ யாரைக் கூப்பிடுகிறோம்? பெரும்பாலும் நம் தெருப் பெண்களைத்தான். கையில் ஆசிட் பாட்டிலைக் கொடுத்துவிடுகிறோம். ஆசிட் இடைக்கோட்டுச் சிமெண்டை அரிக்கிறது, அவர்கள் கையையும் நெஞ்சையும் அரிக்கிறது. ஆசிட்டும் பிளீச்சிங் பவுடரும் கலந்தால் குளோரின் வாயு வரும். கதவு சாத்திய குளியலறையில் அது உயிருக்கு ஆபத்து. ஆசிட் ஊற்றினால்தான் சுத்தமாகும் என்கிற தரையைத் தேர்ந்தெடுக்காமல் இருப்பதே முதல் பாதுகாப்பு. சோப்புத் தூளும் தேய்ப்பானும் போதும் என்கிற தரையே நல்ல தரை.

அறை தேடும் மாணவர்களுக்கு

வாடகைக்குப் போகும் தோழர்கள் இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

சாவி வாங்கும் அன்றே ஒரு நாணயத்தை எடுத்துத் தரையில் ஒவ்வொரு டைல்ஸாகத் தட்டிப் பாருங்கள். கெட்டிச் சத்தம் வந்தால் அடியில் கலவை நிறைந்திருக்கிறது. பொந்துச் சத்தம் வந்தால் அடியில் காற்றுதான். அந்த டைல்ஸ் ஒரு பாத்திரம் விழுந்தாலே வெடிக்கும். அது போட்டவர் வேலையின் குறை, உங்கள் குற்றம் இல்லை. எனக்குத் தெரிந்த நாலு மாணவர்கள் வெடித்த இரண்டு டைல்ஸுக்காக ஒரு மாத வாடகைக்குச் சமமான பணத்தை அட்வான்ஸில் இழந்தார்கள். அந்த இரண்டுமே பொந்து. ஆனால் நிரூபிக்க அவர்களிடம் எதுவும் இல்லை.

அதனால் முதல் நாளே தரை முழுவதையும், மூலைகளையும், குளியலறையையும் வீடியோ எடுத்து உரிமையாளருக்கே வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடுங்கள். தேதியோடு அது அங்கே இருக்கும். ஏற்கனவே உள்ள வெடிப்பு, கறை எல்லாவற்றையும் ஒப்பந்தத்தில் எழுதச் சொல்லுங்கள்.

2017-ல் இயற்றி 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த தமிழ்நாட்டு வாடகைச் சட்டம், ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும் என்கிறது. ஒப்பந்தத்தில் வேறு விதமாக எழுதாத வரை மூன்று மாத வாடகைக்கு மேல் அட்வான்ஸ் கேட்கக் கூடாது என்கிறது. சாதாரணப் புழக்கத்தில் வரும் தேய்மானத்துக்கு வாடகைதாரர் பொறுப்பில்லை என்பதையும் ஏற்கிறது. நாலு பேர் இரண்டு வருடம் நடந்த தரை மெருகு குறைவது தேய்மானம்தான். 'வேறு விதமாக எழுதாத வரை' என்ற வார்த்தையைக் கவனியுங்கள். பத்து மாத அட்வான்ஸ் என்று எழுதியதில் கையெழுத்துப் போட்டுவிட்டுப் பிறகு சட்டம் பேச முடியாது.

தீண்டாமையின் பெயரால் ஒருவர் ஒரு வீட்டில் குடியேறுவதைத் தடுப்பதை 1955-ன் குடியியல் உரிமைகள் பாதுகாப்புச் சட்டம் குற்றமாக்குகிறது. அரசமைப்புச் சட்டத்தின் 15-வது பிரிவு கடை, உணவகம், கிணறு, குளம் என்று சொல்கிறது. வாடகை வீடு என்று சொல்லவில்லை. அதைக் கேட்டுப் பெற வேண்டியது உங்கள் தலைமுறையின் வேலைகளில் ஒன்று. அதுவரை, மறுக்கப்பட்ட தேதி, நேரம், சொன்ன காரணம் ஆகியவற்றைக் குறித்து வையுங்கள். "டைல்ஸ் கெட்டுப் போகும்" என்று சொன்னால் அதையும் அப்படியே எழுதுங்கள். நாளை அந்தக் கோரிக்கையை வைக்கும்போது இந்தக் குறிப்புகள்தான் நம் சான்று.

வீடு வைத்திருக்கும் நம் மக்களிடம் ஒன்றே ஒன்று கேட்கிறேன். தரை போட்டு முடித்து, 'வாடகைக்கு' என்று பலகை மாட்டுவதற்கு முன் ஒரு ராத்திரி அந்த அறையில் பாய் விரித்துப் படுங்கள். அங்கேயே உட்கார்ந்து சாப்பிடுங்கள். கொஞ்சம் குழம்பைச் சிந்திவிட்டுத் துடைத்துப் பாருங்கள். ஈரக் காலோடு குளியலறையிலிருந்து வெளியே வாருங்கள். உங்களுக்கு முதுகு உறுத்தாமல், கால் வழுக்காமல், மனம் பதறாமல் இருந்தால் அது மாணவர்களுக்கு ஏற்ற தரை. பிறகு பலகையில் அறை விவரத்தையும் வாடகையையும் மட்டும் எழுதுங்கள். யாருக்குக் கிடையாது என்று எழுதாதீர்கள்.

ஜெய் பீம்.